காய்ந்த குழாயும் நிறைந்த பாட்டிலும்

என் வீட்டுக்காரருக்கு மூத்திரம் நின்றுபோனது. ஆத்தாவின் சந்நிதியில் நின்றுகொண்டு இந்த வார்த்தையைச் சொல்லலாமா என்று பூசாரியிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். இந்த வார்த்தை இல்லாமல் என் சாட்சியே இல்லை. முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது அது ஒரு நாள் நின்றுபார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

வெள்ளிக்கிழமைப் பூஜைக்கு வரும் என் உடன்பிறந்தவர்களே, நான் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. அது இந்த ராசிங்காபுரம் முழுக்கத் தெரிந்த விஷயம். பால்காரர் ஊற்றினால் விரலை விட்டுப் பார்ப்பேன். பஸ்சில் மிச்சச் சில்லறையைக் கண்டக்டர் முன்னாலேயே திருப்பிப் பார்ப்பேன். ‘இவளா நம்பிக்கையைப் பற்றிப் பேச வந்துவிட்டாள்’ என்று அங்கே இரண்டு பேர் சிரிக்கிறீர்கள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எண்பத்திரண்டாம் வருஷம் ஆடி மாதம். எங்களுக்குப் போடிமெட்டைத் தாண்டிக் கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு. என் மாமனார் தன் இரண்டு பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுத்தது. மேல்பாதி என் கொழுந்தன் பாண்டிக்கு, கீழ்பாதி என் வீட்டுக்காரருக்கு. ஓடைத் தண்ணீர் மேலே இருந்து வருகிறது. கறுப்பு ஓஸ் குழாய் போட்டு, பாண்டியின் தோட்டத்துக்குள் நுழைத்து, எங்கள் கொட்டகைக்கும் ஏல நாற்றங்காலுக்கும் கொண்டுவந்திருந்தோம். இங்கேதான் வம்பு. வாரத்துக்கு ஒரு தரம் தண்ணீர் நின்றுபோகும். போய்ப் பார்த்தால் ஓஸ் எங்கேயாவது அறுந்து கிடக்கும், அதுவும் பாண்டியின் எல்லைக்குள்ளேயே கிடக்கும். ‘முள்ளம்பன்றி கடிச்சிருக்கு மதினி’ என்பான். முள்ளம்பன்றிக்கு எங்கள் ஓஸ்தான் ருசியா? நான் நம்பவில்லை. இரண்டு மூன்று வருஷமாக அவனோடு முகம் கொடுத்துப் பேசியதும் இல்லை.

அந்த ஓஸால் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. காலையில் எழுந்ததும் வாசலில் கிடக்கும் ஓஸைக் கையால் பிடித்துப் பார்ப்பேன். தண்ணீர் ஓடினால் உள்ளங்கையில் ஜில்லென்று இருக்கும், லேசாக அதிரும். ஓடாவிட்டால் செத்த பாம்பு மாதிரி கிடக்கும். தொட்டி நிறைந்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிற வேலையே எனக்குக் கிடையாது. தொட்டி பொய் சொல்லும். நேற்றுத் தண்ணீரும் இன்றைக்குத் தண்ணீரும் தொட்டியில் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஆடி மழையில் தோட்டம் முழுக்க அட்டை. மலையில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் செய்கிறதைத்தான் என் வீட்டுக்காரரும் செய்தார். கணுக்காலுக்கு மேலே அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து புண்ணாக்கிக்கொண்டு, அதன் மேல் புகையிலையையும் சுண்ணாம்பையும் கசக்கி அப்பி, துணியால் கட்டிக்கொண்டு அதே சேற்றில் இறங்கினார்.

“அட்டைக் கடிதானடி, இதுக்குப் போயி ஆசுபத்திரியா?” என்றார்.

புண் சீழ் வைத்தது. கால் வீங்கிப் பளபளவென்று ஆனது. ஒரு நாள் மத்தியானம் உடம்பு தூக்கிப் போடுகிற மாதிரிக் குளிர்ஜுரம். கம்பளி போர்த்தினால் கம்பளியோடு ஆடினார். அன்றைக்குக் காலையில்தான் பாண்டி தன் கொட்டகையில் வைத்து அண்ணனுக்குச் சுக்குக் காப்பி கொடுத்திருந்தான். சாயங்காலம் இவருக்குப் பேச்சுக் குழறியது. என்னையே யாரென்று கேட்டார்.  எனக்குச் சுக்குக் காப்பிதான் நினைவுக்கு வந்தது.

ஆனால் ஜீப்பைப் பிடித்துக் கொண்டுவந்தவனும் பாண்டிதான். வேறு ஆள் யார் இருக்கிறார்கள் அங்கே? மழையில் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றாக ஜீப்பு இறங்கியது. அண்ணன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவன் அழுதான். அழுகிறவனை எல்லாம் நம்பிவிட முடியுமா? அந்த இருட்டிலும் நான் அவன் முகத்தையேதான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

போடியில் டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார். ஒரு பாட்டில் ஏற்றிவிட்டு, “இங்க வச்சுக்கிட்டு இருக்காதீங்க. மதுரைக்கு வெரசா கொண்டு போங்க” என்றார். அவர் என் கண்ணைப் பார்க்காமல் பேசினார். டாக்டர் கண்ணைப் பார்க்காமல் பேசினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி. தீவிர சிகிச்சைப் பிரிவு என்று ஒரு கண்ணாடிக் கதவு. உள்ளே ஒரு நேரத்துக்கு ஒரு ஆள்தான் இருக்கலாம். அங்கே பார்த்துக்கொண்டது ஒரு டாக்டரம்மா, என் வயதுதான் இருக்கும். அவர் கேட்ட முதல் கேள்வியே இதுதான்.

“ஏம்மா, இவரு கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனாரு?”

 புருஷன் ஒண்ணுக்குப் போவதை எந்தப் பெண்டாட்டி கணக்கு வைத்திருப்பாள்? அவர்கள் குழாய் விட்டார்கள். கட்டிலுக்கு அடியில் ஒரு கண்ணாடி பாட்டிலில் அதன் முனை. டீ டிகாக்‌ஷன் மாதிரி கறுப்பாக ஒரு வாய் வந்தது. அதோடு சரி.

நான் டாக்டரம்மாவைத் தனியாகக் கூப்பிட்டேன். “அம்மா, ஒரு சுக்குக் காப்பி குடுத்திருக்காக. அதுல மருந்து கிருந்து வச்சிருக்காகளான்னு பாருங்க.”

அவர் சிரிக்கவில்லை. அதுவே பெரிய மனசு. “யாரும் ஒண்ணும் வைக்கலம்மா. காலுல இருக்கிற புண்ணுதான். அதுல இருந்த கிருமி ரத்தத்துல ஏறிருச்சு. ரத்த அழுத்தம் ரொம்ப இறங்கிப்போச்சு. சிறுநீரகத்துக்கு ரத்தம் பத்தாம அது வேலைய நிறுத்திருச்சு. இன்னும் செத்துப்போகல, மயங்கிக் கெடக்கு. கிருமிக்கு மருந்து குடுத்து, ஆளைக் காப்பாத்தி வச்சோம்னா அது தானா முழிக்கலாம்.”

“முழிக்கலாம்னா? முழிக்கும்னு சொல்ல மாட்டீங்களா?”

“மாட்டேன்மா” என்றார்.

அந்த ஒரு பதிலால் அவர் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. கொஞ்சம்தான். அவர் ஏற்றுகிற மருந்து பாட்டில் ஒவ்வொன்றையும் பழைய பாட்டிலோடு சேர்த்து வைத்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் பாண்டி ஒரு தூக்குவாளியோடு வந்தான். “மதினி, எளநி. கண்ணு முன்னாடி சீவச் சொல்லி வாங்கியாந்தேன். சூட்டைத் தணிக்கும், மூத்திரம் பிரியும். அண்ணனுக்கு ஒரு மடக்கு ஊத்துங்க.”

நம் ஊரில் யாருக்கு நீர்க்கடுப்பு வந்தாலும் இளநீர்தானே? என் அம்மாவும் அதைத்தான் கொடுத்திருப்பாள். ஆனால் கொண்டுவந்தது பாண்டி. “வச்சிட்டுப் போ” என்றேன். அவன் தலை மறைந்ததும் அதைச் சாக்கடையில் கொட்டினேன். மறுபடியும் கொண்டுவந்தான். மறுபடியும் கொட்டினேன். அந்தத் தூக்குவாளியை டாக்டரம்மா பார்த்துவிட்டார்.

“எளநியா? குடுத்தீங்களா?” குரலே மாறிவிட்டது.

“இல்லம்மா, கொட்டிட்டேன்.”

அவர் நெஞ்சில் கை வைத்தார். “நல்லவேளை. எளநியில ஒரு உப்புச்சத்து இருக்கு. கிட்னி நின்னவங்களுக்கு அது சேர்ந்துபோனா நெஞ்சே நின்னுரும். யாரு சொல்லி உங்களுக்குத் தெரியும்?”

யார் சொன்னார்கள் எனக்கு? யாரும் சொல்லவில்லை. என் சந்தேகம் கொட்டச் சொன்னது, கொட்டினேன். ஆத்தா அன்றைக்கே தன் வேலையைத் தொடங்கிவிட்டாள் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். விஷம் என்றே டாக்டர் சொல்லாத குறையாகச் சொல்லிவிட்டார், கொண்டுவந்தவன் பாண்டி.

அன்று சாயங்காலம் டாக்டரம்மா என்னையும் பாண்டியையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். என் வீட்டுக்காரருக்கு முகமும் காலும் உப்பிப்போயிருந்தன. விக்கல் நிற்கவில்லை. கூப்பிட்டால் அரைக்கண் திறந்தார், அவ்வளவுதான்.

“ரத்தத்துல அழுக்கு சேர்ந்துக்கிட்டே போகுது. தொப்புளுக்குக் கீழ மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதா ஒரு ஓட்டை போட்டுக் குழாய் விடணும். அது வழியா மருந்துத் தண்ணிய வயித்துக்குள்ள விட்டு, கொஞ்ச நேரம் ஊற வச்சு வெளிய எடுப்போம். அழுக்கும் அந்தத் தண்ணியோட வந்துரும். திரும்பத் திரும்பச் செய்யணும். நாளைக்குக் காலை வரைக்கும் பாப்போம். மூத்திரம் பிரிய ஆரம்பிச்சிட்டா இதெல்லாம் தேவைப்படாது.”

பாண்டியின் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆனது. “வயித்துலயா?” என்றான்.  எழுந்து போய்விட்டான். அன்றைக்குக் கடைசி பஸ்சுக்கு ஊருக்குப் போனவன் மறுநாள் காலையில் நெற்றி நிறையத் திருநீறோடு வந்து நின்றான்.

இனிமேல்தான் கதை. அவன் உள்ளே போய் உட்கார்ந்த அந்தக் காலையிலேயே பாட்டில் நிறைந்தது.

நர்ஸ் ஓடிவந்து சொன்னார். “யூரின் வந்திருச்சு!” நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். வராண்டாவில் முகம் தெரியாத பெண்கள் எல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். வயிற்றில் குழாய் விடுவதைத் தள்ளிவைத்தார்கள். பாண்டி என்னைப் பார்த்துக் கும்பிட்டான். “ஆத்தா காப்பாத்திட்டா மதினி.”

நானும் கும்பிட்டேன். அரை நாள் சந்தோஷமாக இருந்தேன். அதற்கு மேல் சந்தோஷமாக இருக்க என் மூளைக்குத் தெரியாது.

ஏன் முகத்து வீக்கம் வடியவில்லை? ஏன் விக்கல் கூடுகிறது? முதலில் வந்தது கறுப்பாக வந்ததே, இது ஏன் நல்ல மஞ்சளாக இருக்கிறது? நான் உட்கார்ந்திருக்கும்போது ஒரு சொட்டு ஏறவில்லை. பாண்டி உட்கார்ந்தால் பாட்டில் நிறைகிறது. கொழுந்தன் மேல் அவ்வளவு பாசமா அந்தக் குழாய்க்கு?

மறுநாள் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். “ரத்தம் ஒண்ணு சொல்லுது, பாட்டில் ஒண்ணு சொல்லுது. எனக்குப் பிடிபடலம்மா” என்றார்.

எனக்குப் பிடிபட ஆரம்பித்தது. ஆனால் நான்கு பேர் முன்னால் சொல்வதற்குக் கையில் எதுவும் இல்லை. சொன்னால், ‘வழக்கம்போல ஆரம்பிச்சுட்டா’ என்பார்கள். வராண்டாவின் கோடியில் மேற்கே பார்த்த ஜன்னல் ஒன்று இருந்தது. அங்கிருந்து மலை தெரியாது. ஒரு வேப்பமரமும் சைக்கிள் நிறுத்துகிற தகரக் கொட்டகையும்தான் தெரியும். அந்தத் திசையில் நம் ஆத்தா இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அங்கே நின்று நான் கும்பிட்டேன். பாட்டுப் பாடிக் கும்பிடவில்லை. சண்டை போட்டுத்தான் கும்பிட்டேன்.

“ஆத்தா, எனக்குப் பூசையும் தெரியாது புனஸ்காரமும் தெரியாது. என்னைய யாரோ ஏமாத்துறாங்கன்னு மட்டும் தெரியுது. ஒருவேளை நீயே ஏமாத்துறியோ, அதுவும் எனக்குத் தெரியல. என் தாலிய எடுக்கிறதா இருந்தா மூஞ்சிக்கு நேரா எடு. பொய்யைக் காட்டி எடுக்காத. யாரு என்ன பண்றாகன்னு என் கண்ணுல காட்டு. காட்டுனா, இந்த வருசத்து முதக் காயெடுப்புல உனக்கு ஏலக்காய் மாலை.”

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். அப்போதுதான் பாண்டி எழுந்து வெளியே போனான். பாட்டிலில் பாதிக்கு மேல் இருந்தது. கட்டிலோரம் தொங்கிய ரப்பர் குழாயை என் கை தானாகப் போய்ப் பிடித்தது. நான் நினைத்துப் பிடிக்கவில்லை. காலையில் எழுந்ததும் ஓஸைப் பிடிக்கிற கை அது.

செத்த பாம்பு. அசைவில்லை, ஈரமில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். உள்ளே பழைய கறுப்புக் கறை ஒட்டிக் காய்ந்து கிடந்தது. மேலிருந்து கீழ்வரை நசுக்கிக்கொண்டே வந்தேன். பாட்டிலில் ஒரு சொட்டு விழவில்லை.

குழாய் காய்ந்து கிடக்கிறது, பாட்டில் நிறைந்திருக்கிறது. இதை எங்கள் தோட்டத்தில் பார்த்தால் என்ன அர்த்தம்? எவனோ குடத்தில் கொண்டுவந்து ஊற்றுகிறான் என்று அர்த்தம்.

பாண்டி திரும்பி வந்ததும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டுக் கதவுவரை போனேன். பக்கத்துக் கட்டிலுக்கு மறைப்புத் திரை வைத்திருந்தார்கள். நர்ஸ் மருந்து எடுக்கத் திரும்பிய நேரத்தில் அதன் பின்னால் நின்றுகொண்டேன். கொஞ்ச நேரத்தில் பாண்டி எழுந்தான். கழிப்பறைப் பக்கம் போனான். துண்டால் மூடிய எவர்சில்வர் டம்ளரோடு திரும்பி வந்தான். இரண்டு பக்கமும் பார்த்தான். குனிந்து பாட்டிலில் ஊற்றினான்.

நான் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“என்னடா ஊத்துற?”

“மதினி, கத்தாதீக.”

“கத்தாம? எங்கேருந்து கொண்டாந்த இதை?”

அவன் தரையைப் பார்த்தான். “என்னோடதுதேன்.”

“என்னது உன்னோடது?”

“என்னோட மூத்திரந்தேன், மதினி.”

 வந்தது பாருங்கள் எனக்கு ஆத்திரம். ஆஸ்பத்திரி என்றும் பார்க்கவில்லை. “அடப்பாவி, உங்கண்ணனைக் கொல்லவாடா பாக்குற? தோட்டம் வேணும்னா வாயைத் திறந்து கேட்டிருக்கலாம்ல? ஓஸை அறுத்த, சும்மா இருந்தேன். இப்ப உசுரையே அறுக்குறியா?”

பாண்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஆறடி ஆள். டம்ளர் உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது.

“தோட்டமா? எனக்கு எதுக்கு மதினி தோட்டம்? அண்ணன் வயித்தைக் கிழிக்கக் கூடாதுன்னுதேன். மூத்திரம் வந்தாக் கிழிக்க மாட்டோம்னு டாக்டரம்மாதேன சொன்னாக. நம்ம பக்கத்து மேட்டுத் தோட்டத்துக்காரரை ஆசுபத்திரியில வயித்தைக் கிழிச்சுத்தேன் பொணமாக் கொண்டாந்து போட்டாக. வெள்ளைத் துணியில. நான்தேன் தூக்குனேன் மதினி. எங்க அண்ணனை நான் அப்படித் தூக்க மாட்டேன்.”

அவன் ஊருக்குப் போனது ஆத்தாவிடம் பூக் கேட்க. நமக்கெல்லாம் தெரிந்த வழக்கம்தான். சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, இலையில் பொட்டலமாகக் கட்டி ஆத்தா காலடியில் போட்டு, மனதில் கேள்வியை நினைத்து ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் வேண்டாம்.

“செவப்பு வந்துச்சு மதினி. ஆத்தாவே வேணாம்னுட்டா. அப்புறம் நான் என்ன செய்ய?”

நான் விட்டேனா? “பொட்டலம் கட்டினது யாரு?”

“பூசாரி.”

“எடுத்தது?”

“நான்தேன்.”

“இலை கிழிஞ்சிருந்துச்சா? உள்ள இருக்கிறது தெரிஞ்சுச்சா?”

அழுகைக்கு நடுவிலும் அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். “மதினி, ஆத்தாவையுமா சந்தேகப்படுறீக?”

“ஆத்தாவை இல்லடா. உன்னைய. நீ மனசுக்குள்ள என்னன்னு கேட்ட? அதைச் சொல்லு.”

“எங்கண்ணன் வயித்தைக் கிழிக்க விடலாமான்னு கேட்டேன்.”

“டாக்டரம்மா கிழிக்கிறேன்னா சொன்னாக? ஊசி போட்டு, சின்ன ஓட்டை போட்டு, குழாய் விடுறேன்னுதான சொன்னாக? நீ கேட்டதுக்கு ஆத்தா சரியாத்தாண்டா சொல்லியிருக்கா. என் புருசன் வயித்தை யாரும் கிழிக்கக் கூடாதுதான். குழாய் விடலாமான்னு நீ கேக்கவே இல்லையே.”

 அதை நான் அவன் வாயை அடைக்கச் சொன்னேனா, ஆத்தா என் வாயில் வந்து சொன்னாளா என்று எனக்கே இன்றுவரை நிச்சயமில்லை. இரண்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தம் கேட்டு நர்ஸ் வந்தார், டாக்டரம்மாவும் வந்தார். நானே சொன்னேன். ஒளிக்கவில்லை. டாக்டரம்மா பாட்டிலைப் பார்த்தார், காய்ந்த குழாயைப் பார்த்தார், பாண்டியைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

“உன் கிட்னி நல்லா வேலை செய்யுதுப்பா. சந்தோசம். உங்கண்ணனோட கிட்னியப் பாக்கத்தான் எனக்குச் சம்பளம். ஒண்ணரை நாளு போச்சு உன்னால. எந்திரிச்சு வெளிய போ. நான் சொல்ற வரைக்கும் இந்தக் கதவைத் தாண்டக் கூடாது.”

பாண்டி போனான். கதவருகே நின்று அண்ணனை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனான். அந்தப் பார்வையைப் பார்த்தபோது, தோட்டத்துக்காகச் செய்தான் என்ற என் எண்ணம் ஆட்டம் கண்டது. செய்தான் என்பது சரி. எதற்கு என்பதில்தான் நான் தப்பாகப் போயிருந்தேன். அன்றைக்கு அதை ஒப்புக்கொள்ள எனக்கு நேரமில்லை.

கையெழுத்துப் போட ஆண்பிள்ளை யாராவது இல்லையா என்று நர்ஸ் கேட்டார். “பொண்டாட்டி நான் இருக்கேன்ல” என்றேன். படித்துக் காட்டச் சொல்லி, திரும்ப ஒரு தடவை படித்துக் காட்டச் சொல்லி, அப்புறம் போட்டேன். சாயங்காலமே குழாய் விட்டார்கள். ஓட்டை நிஜமாகவே சின்னதுதான். நான் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் உள்ளே போனது, ஊறியது, வெளியே வந்தது. போன தண்ணீரையே திரும்ப விடுகிறார்களோ என்று இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் காட்டினார். வெளியே வந்தது பழுப்பாக இருந்தது. என் புருஷனைக் கொன்றுகொண்டிருந்தது அதுதான் என்றார்.

விக்கல் நின்றது. முகம் வடிந்தது. ஒரு நாள் காலையில் கண்ணைத் திறந்து என்னை அடையாளம் தெரிந்து பார்த்தார். எத்தனையோ நாளைக்கப்புறம் பேசிய முதல் பேச்சு என்ன தெரியுமா?

“ஓஸ்ல தண்ணி வருதா?”

தோட்டத்து நினைவு மனுஷனுக்கு. நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

ஆனால் சிறுநீரகம் முழிக்கவில்லை. பாட்டில் காலி. தண்ணீர் போகும், வரும், பாட்டில் காலி. இப்படி எத்தனை நாள் வயிற்றைக் கழுவி ஆளை வைத்திருக்க முடியும் என்று கேட்டேன். “இன்னும் கொஞ்சம் பாப்போம்” என்றார் டாக்டரம்மா. அவர் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். அதையும் நம்ப முடியவில்லை, நம்பாமலும் இருக்க முடியவில்லை. மேற்கு ஜன்னலுக்குத் தினமும் போனேன். “காட்டுன்னு கேட்டேன், காட்டுன. பொழைக்க வைன்னு கேக்க விட்டுப்போச்சு. அதனால விட்டுட்டியா? கேள்வியில ஓட்டை பாத்துத்தான் நீயும் பதில் சொல்வியா?” என்று கேட்டேன். ஆத்தாவிடம் அப்படிப் பேசலாமா என்று நீங்கள் நினைக்கலாம். பேச வேறு யார் இருந்தார்கள் எனக்கு?

ஆவணி பிறந்தது. ஒரு நாள் விடிந்து வெயில் ஏறிய நேரம். வராண்டாவில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். நர்ஸ் கதவைத் திறந்து, “அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு வருதும்மா” என்றார்.

“யாரு உள்ள வந்தா?” இதுதான் நான் கேட்டது.

“யாரும் வரல.”

“அந்தப் பாண்டி வந்தானா?”

“அவரு கீழ படிக்கட்டுல படுத்திருக்காரு. வந்து நீங்களே பாருங்க, தாயே.”

போனேன். பாட்டிலின் அடியில் கொஞ்சம் இருந்தது. அதை நான் பார்க்கவே இல்லை. நேராகக் குழாயைப் பிடித்தேன்.

கதகதப்பாக இருந்தது.

எங்கள் ஓஸில் தண்ணீர் ஓடினால் ஜில்லென்று இருக்கும் என்றேன் இல்லையா? இது சூடு. ஒரு மனுஷன் உடம்புக்குள்ளிருந்து வருகிற சூடு. என் உள்ளங்கைக்குள் அது கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. குழாயின் முனையில் ஒரு சொட்டு திரண்டது, நின்றது, விழுந்தது. அடுத்தது திரண்டது. இதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. யாரும் ஊற்ற முடியாது, யாரும் நடிக்க முடியாது. நான் அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஆத்தா, ஆத்தா என்பதைத் தவிர வாயில் வேறு வார்த்தை வரவில்லை.

பிறகு கீழே ஓடினேன். பாண்டி படிக்கட்டில் துண்டை விரித்துப் படுத்திருந்தான். தாடி மண்டிப்போயிருந்தது. விரட்டிய நாளிலிருந்து அவன் ஊருக்கே போகவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் ஒரு வாய் சோறு சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை.

“ஏய், எந்திரி.”

விலுக்கென்று எழுந்தான். “அண்ணனுக்கு என்ன மதினி?”

“வருதுடா.”

அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்த பார்வையைத்தான் அவன் இப்போது என்னைப் பார்த்தான். “நெசமாவா? இல்ல, என்னையத் தேத்தச் சொல்றீகளா?”

எனக்குச் சுருக்கென்றது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே போனேன். டாக்டரம்மா கதவில் நின்றார். “ஒரே ஒரு நிமிசம்மா. இவன் தொட்டுப் பாக்கணும்” என்றேன். அவர் விலகி வழிவிட்டார்.

“பாட்டிலைப் பாக்காத. குழாயப் புடி” என்றேன்.

பாண்டி அந்தப் பெரிய கையால், ஏலப் பூவைத் தொடுகிற மாதிரி தொட்டான். உதடு கோணியது. “சுடுது மதினி” என்றான். அண்ணன் காலடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான். என் வீட்டுக்காரர் ஒன்றும் புரியாமல், “இவன் ஏண்டி அழுகுறான்?” என்றார். இன்றுவரை அவருக்கு டம்ளர் விஷயத்தைப் பாதிதான் சொல்லியிருக்கிறோம். மீதியை இப்போது கேட்டுக்கொள்ளட்டும். அதோ தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், அவர்தான்.

அப்புறம் வாளி வாளியாக வந்தது. அப்படித்தான் வரும், முழித்த சிறுநீரகம் அப்படித்தான் பண்ணும் என்றார் டாக்டரம்மா. நிறைய மருந்து, நிறைய ஊசி. காலில் இன்னும் பெரிய தழும்பு இருக்கிறது. மழைக்காலத்தில் அட்டை கடித்தால் எங்கள் தோட்டத்தில் இப்போது யாரும் புகையிலைச் சுண்ணாம்பு அப்புவதில்லை. அப்பினால் நான் சும்மா விடமாட்டேன். சோப்புப் போட்டுக் கழுவி, காய்ச்சல் என்றால் அன்றைக்கே ஜீப்பு.

முதல் காயெடுப்பில் நானும் பாண்டியும் உட்கார்ந்து ஏலக்காய் மாலை கோத்தோம். ஒவ்வொரு காயையும் நான் நசுக்கிப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன், உள்ளீடு இருக்கிறதா, வெறும் பொக்கா என்று. பாண்டிக்குச் சிரிப்பு.

“இன்னுமா மதினி?”

“இன்னும்தான். சாமிக்குப் பொக்கைக் குடுப்பாகளா?”

ஓஸை அறுப்பது முள்ளம்பன்றிதான் என்று அவன் இன்றும் சத்தியம் செய்கிறான். எனக்கு அதில் இன்னும் சந்தேகம் உண்டு. ஆனால் இப்போது தண்ணீர் நின்றால் இரண்டு பேரும் சேர்ந்தே மேலே ஏறிப் போகிறோம். வழியெல்லாம் ஓஸைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போகிறோம். எங்கே ஜில்லென்று ஆகத் தொடங்குகிறதோ அங்கேதான் அறுந்திருக்கும். சேர்ந்தே ஒட்டிவிட்டு வருகிறோம்.

உங்களில் யார் வீட்டிலாவது இப்போது கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒருவர் படுத்திருக்கலாம். அவர்களுக்காகத்தான் இதைச் சொன்னேன். டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள். பாசத்தால்கூட மறைக்காதீர்கள். ஆத்தாவிடம் பயந்துகொண்டு நிற்காதீர்கள். சண்டை போடுங்கள், கேள்வி கேளுங்கள், சந்தேகப்படுங்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். சந்தேகப்படுகிற புத்தியைக் கொடுத்தவளே அவள்தான், என் வீட்டுக்காரர் உசுரைக் காப்பாற்ற அதைத்தான் அவள் கையில் எடுத்தாள்.

நம்பிக்கை வராதவர்கள்கூட வாருங்கள். கண்ணால் பார்த்ததை எல்லாம் நம்ப வேண்டாம். கையை நீட்டித் தொட்டுப் பாருங்கள். நான் அப்படித்தான் நம்பினேன். தொட்டேன், கதகதப்பாக இருந்தாள்.